மா-ராபர்ட்டின் வீடு

1820-களின் தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியிலிருந்து மேரி மோஃபட் என்ற இளம்பெண் இங்கிலாந்திலிருந்த தம் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தங்கள் வீட்டுத் தரையை வாரம் ஒருமுறையாவது மாட்டுச் சாணமிட்டு மெழுகுவதாக அதில் ஒரு செய்தி இருந்தது. படிப்பவர்கள் திடுக்கிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தாமும் தொடக்கத்தில் அருவருத்ததை மறைக்கவில்லை. ஆனால் புழுதியை அடக்கவும் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கவும் இதைப்போல் வேறொன்று இல்லை என்று கண்டபின், சாணம் கொண்டுவரச் சொல்லி அவரே ஆளனுப்பத் தொடங்கினார். சாணம் மெழுகிய தரையைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மான்செஸ்டருக்கு அருகே நாற்றுப்பண்ணை வைத்திருந்த வசதியான குடும்பத்தின் மகள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் இங்கே கவனிக்கத்தக்கது. ஆப்பிரிக்காவுக்கு நாகரிகம் கற்பிக்க என்று அனுப்பப்பட்ட ஒரு வீட்டின் முதல் பாடத்தை அந்த வீடே கற்றுக்கொண்டது.

ஆப்பிரிக்க மிஷன் வரலாறு பெரும்பாலும் ஆண்களின் நடைப்பயண வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. டேவிட் லிவிங்ஸ்டன் என்ற பெயருடன் சிங்கமும் நதிகளும் விக்டோரியா நீர்வீழ்ச்சியும் நினைவுக்கு வருகின்றன. அவருக்கு ஒரு வீடு இருந்தது, அதில் நான்கு ஆண்டுகளுக்குமேல் அடுப்பெரிந்தது, மூன்று குழந்தைகள் வளர்ந்தன, நான்காவது அங்கேயே புதைக்கப்பட்டது என்பது அடிக்குறிப்பாகிவிடுகிறது. மிஷன் சங்கங்களோ அப்படி நினைக்கவில்லை. மனைவியும் மக்களுமாக ஒழுங்குடன் வாழும் ஒரு கிறித்தவக் குடும்பமே மிகச் சிறந்த பிரசங்கம் என்பது அவற்றின் கொள்கை. ஆகவே மிஷன் ஊழியம் என்பது தொடக்கம் முதலே குடும்ப ஊழியமாக இருந்தது. அதன் அன்றாடக் கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தால் யார் உழைத்தார்கள், யார் விலை கொடுத்தார்கள் என்பது தெளிவாகும். இன்றைய தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில் இருக்கும் குருமான், இன்றைய போட்ஸ்வானாவில் இருக்கும் கொலொபெங் என்ற இரண்டு சிற்றூர்களையும், அவற்றில் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் வாழ்ந்த இரண்டு வீடுகளையும் இதற்காக எடுத்துக்கொள்ளலாம்.

ராபர்ட் மோஃபட் 1795-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், தொழில்முறைத் தோட்டக்காரர். லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியராக 1817-இல் கேப் டவுனில் வந்து இறங்கினார். தமிழ் வாசகர்களுக்கு இச்சங்கம் புதிதன்று. 1806-இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததும், பின்னர் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பள்ளிகளும் அச்சகமும் மருத்துவமனையும் எழுந்ததும் இதே சங்கத்தின் வழியாகத்தான். மோஃபட்டை மணப்பதற்காக மேரி ஸ்மித் 1819 இறுதியில் தனியே கப்பலேறி வந்தார். அந்த டிசம்பரில் கேப் டவுனில் திருமணம். அடுத்த சில வாரங்களில் காளைகள் பூட்டிய பெருவண்டியில் வடக்கு நோக்கிப் பயணம். ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் வழி; வாரக்கணக்கில் நீளும் வண்டிப் பாதை. மூத்த மகள் 1821 ஏப்ரலில், இறுதியாகக் குடியமரும் முன்னரே, வழியிலிருந்த கிரிக்வா டவுனில் பிறந்தாள். அவளுக்கும் மேரி என்றே பெயர். பின்னாளில் லிவிங்ஸ்டனின் மனைவியானவர் இவர்தான்.

குருமான் பள்ளத்தாக்குக்கு உயிர் தருவது ஒரு நீரூற்று. சுண்ணப்பாறையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி லிட்டர் நீர் வற்றாமல் பொங்குகிறது. 'குருமானின் கண்' என்று அதை அழைக்கிறார்கள். மழை பொய்க்கும் நாட்டில் இப்படி ஓர் ஊற்று கிடைத்ததும் தோட்டக்காரரின் கை சும்மா இருக்குமா? வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்து கோதுமையும் காய்கறியும் பழமரங்களும் பயிரிடுவது மோஃபட்டின் திட்டம். ஆனால் த்ஸ்வானா மக்களிடையே பயிர்த்தொழில் பெண்களுடையது. மழையை நம்பி, கைக்கொத்தால் கொத்தி அவர்கள் சோளம் விதைத்தார்கள். தங்கள் நிலத்தின் நீரை வந்தேறிகள் வாய்க்காலில் திருப்பிக்கொண்டு போவதை அவர்கள் ஏற்கவில்லை. மிஷன் முதலில் அமைந்த இடத்தில், வரப்புகளை உடைத்து நீரை மீண்டும் பழைய போக்கில் விட்டுவிடுவார்கள். மோஃபட்டும் உடன் ஊழியரான ஹாமில்டனும் பகல் வெயிலில் மண்வெட்டியுடன் நடந்துபோய் உடைப்புகளை அடைத்துவிட்டு, இரவில் விழித்திருந்து பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுவார்கள். 1842-இல் வெளியான தம் நூலில் மோஃபட் இதைச் சற்றுக் கசப்புடனேயே எழுதுகிறார். இன்றைய வாசகருக்கு அப்பெண்களின் கோபத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. மடையை யார் திறப்பது என்பது நம் ஊர்களிலும் தலைமுறைகளாகத் தொடர்ந்த வழக்குதானே.

1824-இல் தலைவர் மொதிபியின் இசைவுடன் மிஷன் இன்றுள்ள இடத்துக்கு மாறியது. அங்கே மோஃபட் குடும்பம் 1870 வரை வாழ்ந்தது. கணவரின் வேலைகளைப் புத்தகங்கள் பட்டியலிடுகின்றன: த்ஸ்வானா மொழிக்கு எழுத்தமைத்தது, 1831-இல் கேப் டவுனிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை வண்டியிலேற்றிக் கொண்டுவந்தது, 1838-இல் கல்லால் ஆலயத்தைக் கட்டி முடித்தது, 1840-இல் புதிய ஏற்பாட்டையும் 1857-இல் முழு வேதாகமத்தையும் த்ஸ்வானாவில் வெளிக்கொணர்ந்தது. மேரியின் வேலைகள் கடிதங்களில் சிதறிக் கிடக்கின்றன. பத்துப் பிள்ளைகளைப் பெற்றார். சிலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தார். கொழுப்பை உருக்கித் திரி வார்த்தார், சோப்பு காய்ச்சினார், மாவு பிசைந்தார், பழத்தைக் காயவைத்தார், வழிப்போக்கர்களுக்கும் பிற மிஷனரிகளுக்கும் படுக்கை விரித்தார், அவர்களின் மனைவியருக்குப் பேறு பார்த்தார். கணவர் மாதக்கணக்கில் வெளியூர் சென்றிருக்கும்போது நிலையத்தைத் தனியாளாக நடத்தினார். 1820-களில் இந்தக் குடும்பம் எழுதிய கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர் த்ஸ்வானா சமூகத்தை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த மானுடவியலாளர் ஐசக் ஷாபெரா. அவற்றைப் படிக்கையில் ஒன்று விளங்கும். வேதாகம மொழிபெயர்ப்புக்கான நேரத்தைக் கணவருக்கு உண்டாக்கித் தந்தது மனைவியின் சமையலறையும், அதில் பெயரின்றி உழைத்த த்ஸ்வானாப் பெண்களும்தான்.

முதல் ஒன்பதாண்டுகள் அந்த உழைப்புக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. ஒருவரும் மதம் மாறவில்லை. ஷெஃபீல்டிலிருந்த ஒரு தோழி என்ன அனுப்ப வேண்டும் என்று கேட்டபோது, திருவிருந்துக்கான பாத்திரங்களை அனுப்பும்படி மேரி எழுதினார். விருந்தில் அமர அப்போது ஒருவர்கூட இல்லை. 1829-இல் முதல் ஆறு பேர் ஞானஸ்நானம் பெற்று முதல் திருவிருந்து நடக்கவிருந்ததற்கு முந்தைய நாள் அந்தப் பெட்டி குருமானுக்கு வந்து சேர்ந்தது. மிஷன் வட்டாரங்களில் இதை அற்புதமாகச் சொல்வார்கள். கடிதம் கப்பலேறிப் போய்ப் பொருள் வண்டியேறி வர ஆன காலத்தையும், அதுவரை ஒரு பெண் மனந்தளராமல் காத்திருந்ததையும் எண்ணினால் அற்புதம் வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது.

மதம் மாறியவர்களுக்கு உடை வேண்டும் என்பது மிஷனின் நிபந்தனை. ஆகவே தையல் பள்ளி வந்தது. நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த அதே 1820-களில், அதே சங்கத்தின் இன்னொரு வீட்டில், ஊசியையே பார்த்திராத விரல்களுக்கு மேரி மோஃபட் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தார். முன்பு உடலில் பூசிக்கொண்ட கொழுப்பை மக்கள் திரி செய்வதற்காகச் சேமிக்கத் தொடங்கினர் என்று மோஃபட் மகிழ்ச்சியுடன் குறிக்கிறார். இன்னும் ஆழமான மாற்றத்தைக் கலப்பை கொண்டுவந்தது. த்ஸ்வானா வழக்கப்படி மாடுகள் ஆண்களின் பொறுப்பு. பெண்கள் அவற்றைத் தொடலாகாது. மாடு பூட்டும் கலப்பை வந்ததும் பயிர்த்தொழில் பெண்களின் கையிலிருந்து ஆண்களின் கைக்கு நகர்ந்தது. விளைச்சலின் மீதான உரிமையும் உடன் நகர்ந்தது. ஜான் கொமராஃபும் ஜீன் கொமராஃபும் த்ஸ்வானா நாட்டு மிஷன் பற்றி எழுதிய பெருநூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். மிஷனின் தாக்கம் போதனை மேடையைவிட வயலிலும் வீட்டுச் சுவரிலும் உடையிலுமே மிகுதி என்பது அவர்களின் வாதம்.

பிள்ளைகளின் நிலை என்ன? அவர்கள் த்ஸ்வானா மொழியைத் தாய்மொழி போலவே பேசி வளர்ந்தார்கள். அதுவே பெற்றோருக்குக் கவலையாகவும் இருந்தது. 'அஞ்ஞானிகளின்' பேச்சையும் பழக்கத்தையும் கேட்டு வளர்வதைவிடத் தொலைவில் படிப்பது மேல் என்று, மூத்த பெண்கள் இருவரும் சிறுவயதிலேயே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, கிரஹாம்ஸ்டவுன் அருகே இருந்த சேலம் என்ற ஊரின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். ஆப்பிரிக்கக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துக் கற்பித்த தாய், தம் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் காணாமல் இருந்தார். மிஷன் குடும்பங்களில் இது விதிவிலக்கன்று; ஏறக்குறைய விதி. 1839-இல் அச்சுவேலைக்காக இங்கிலாந்து புறப்பட்டபோது கப்பலிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில நாள்களுக்குள் ஆறு வயது மகன் ஜேம்ஸ் தட்டம்மையில் இறந்தான். அப்போது பிறந்த எலிசபெத்தைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

லிவிங்ஸ்டன் 1841 ஜூலையில் குருமான் வந்து சேர்ந்தார். மோஃபட் குடும்பம் அப்போது இங்கிலாந்தில் இருந்தது, 1843-இல்தான் திரும்பியது. 1844-இல் மபோட்சாவில் சிங்கம் தாக்கி இடக்கை எலும்பு நொறுங்கியபின், ஓய்வுக்காகக் குருமான் சென்ற நாள்களில் மூத்த மகள் மேரியிடம் திருமணம் பேசினார். மிஷன் தோட்டத்தின் வாதுமை மரத்தடியில் அது நடந்ததாகச் சொல்வார்கள். 1845 ஜனவரியில் திருமணம். மபோட்சா, சோனுவானே என்று இரண்டு இடங்களில் வீடு கட்டிக் கைவிட்டபின், 1847-இல் பாக்வேனா மக்களின் தலைவர் செச்செலேயுடன் கொலொபெங் ஓடைக்கரையில் குடியேறினர். மூன்று வீடுகளையும் லிவிங்ஸ்டனே கட்டினார். பாக்வேனா மக்கள் வட்டமாகக் கட்டுபவர்கள். அவர்களுக்குச் சதுரம் கைவராததால் ஒவ்வொரு செங்கல்லையும் தாமே நேராக வைக்க வேண்டியிருந்தது என்று அவர் குறைப்படுகிறார். வட்ட வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குளிரும் வெயிலும் தாங்கி வாழ்ந்தவர்களுக்குச் சதுரம் எதற்கு என்ற கேள்வி அவருக்கு எழவில்லை.

கொலொபெங்கில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை 1857-இல் வெளிவந்த தம் பயண நூலில் லிவிங்ஸ்டன் சொல்கிறார். வெயில் ஏறுமுன் எழுவது, குடும்ப ஜெபம், காலை உணவு, பிறகு ஆண், பெண், குழந்தைகள் அனைவருக்கும் பள்ளி. பதினொரு மணியளவில் பள்ளி கலைந்ததும் மனைவி வீட்டுவேலைக்கும் கணவர் கொல்லுப்பட்டறை, தச்சு, தோட்டவேலைக்கும் திரும்புவார்கள். நடுப்பகல் உணவுக்குப்பின் ஒரு மணிநேரம் ஓய்வு. அதன்பின் மேரியின் குழந்தைகள் பள்ளி. அதற்கு நூறு பிள்ளைகள்வரை ஓடிவருவார்களாம். சில நாள்களில் அதற்குப் பதில் பெண்களுக்குத் தையல். பொழுது சாய்ந்தபின் கணவர் ஊருக்குள் சென்று விரும்புபவர்களுடன் பேசிக்கொண்டிருப்பார். வாரத்தில் சில இரவுகள், மாடு கறந்து முடிந்தபின், வழிபாடு.

இந்தக் கால அட்டவணையில் வராத வேலைகளும் உண்டு. ரொட்டி சுடக் கறையான் புற்றைக் குடைந்து அடுப்பாக்குவார்கள். வெண்ணெய் கடைவது ஒரு ஜாடியில். சோப்புக்கு வேண்டிய காரத்தை ஒருவகைச் செடியின் சாம்பலிலிருந்து எடுத்து, கொழுப்புடன் சேர்த்து வாரக்கணக்கில் காய்ச்ச வேண்டும். பஞ்ச காலத்தில் தானியம் குருமானிலிருந்து வண்டியில் வர வேண்டும். அது வராதபோது வெட்டுக்கிளியும் பெரிய தவளையும் உணவாயின. வெட்டுக்கிளியை இடித்துத் தேனுடன் உண்டால் நன்றாகவே இருக்கும் என்று லிவிங்ஸ்டன் சான்றளிக்கிறார். ஊரில் எங்கே மாடோ வேட்டை விலங்கோ அறுத்தாலும் நெஞ்சுக்கறி தலைவருக்கு உரியது. அந்தப் பங்கிலிருந்து செச்செலே மிஷன் வீட்டுக்கும் தாராளமாக அனுப்பிவைத்தார். ஊரைத் தாங்க வந்த வீட்டை உண்மையில் ஊர்தான் தாங்கியது.

மூத்த குழந்தையின் பெயரைக்கொண்டு தாயை அழைப்பது த்ஸ்வானா வழக்கம். 1846-இல் ராபர்ட் பிறந்தபின் மேரி 'மா-ராபர்ட்' ஆனார், ராபர்ட்டின் அம்மா. அதே ஊரின் மொழியில் பிறந்து வளர்ந்தவர் என்பதாலும், குருமான் மோஃபட்டின் மகள் என்பதாலும் அவருக்கு இருந்த மதிப்பு கணவருக்கு இருந்ததற்குக் குறைந்ததன்று. ராபர்ட்டுக்குப் பின் ஆக்னெஸ், தாமஸ். மூன்று பிள்ளைகளும் பாக்வேனாச் சிறுவர்களுடன் விளையாடி அவர்கள் மொழியிலேயே சண்டையிட்டார்கள்.

செச்செலே அசாதாரணமான மனிதர். அறிமுகமான முதல் நாளிலேயே எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். விரைவில் ஏசாயாவின் ஆகமத்தில் தோய்ந்துபோனார். தம் மக்கள் வெறும் பேச்சால் நம்பமாட்டார்கள், வேண்டுமானால் காண்டாமிருகத் தோல் சாட்டையால் எல்லாரையும் ஒரே நாளில் நம்பவைத்துவிடலாம் என்று அவர் உதவிக்கு முன்வந்ததைப் படிக்கையில் சிரிப்பு வரும். 1848 அக்டோபரில், ஐந்து மனைவியரில் நால்வரை விலக்கிவிட்டு அவர் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்ட பெண்களும் அவர்தம் உறவினர்களும் மிஷனுக்குப் பகையாயினர். அப்பெண்களில் சிலர் லிவிங்ஸ்டனின் நல்ல மாணவிகளும்கூட. சில மாதங்களில், விலக்கப்பட்ட ஒருவர் செச்செலேயால் கருவுற்றது தெரியவந்தது. லிவிங்ஸ்டன் அவரைத் திருவிருந்திலிருந்து நீக்கினார்.

இதற்கிடையே மழை நின்றுபோயிருந்தது. த்ஸ்வானா மொழியில் 'பூலா' என்றால் மழை. வாழ்த்துச் சொல்லும் அதுவே. 1976 முதல் போட்ஸ்வானாவின் நாணயத்துக்கும் அதுவே பெயர். செச்செலே புகழ்பெற்ற மழை வைத்தியர். ஞானஸ்நானத்துக்காக அந்தத் தொழிலைக் கைவிட்டவர். முதலாண்டில் கொலொபெங் வாய்க்காலில் நீர் ஓடியது. அடுத்த ஆண்டுகளில் ஓடையே வற்றி மீன்கள் செத்துக் கிடந்தன. செச்செலேயின் முதிய உறவினர் ஒருவர் லிவிங்ஸ்டனிடம் மரியாதையாகவே சொன்னாராம்: உங்களை எங்களில் ஒருவராக நேசிக்கிறோம், ஆனால் இந்த ஓயாத ஜெபத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஜெபிக்காத குடிகளுக்கு மழை பெய்கிறது, நமக்கில்லை என்ற பொருளில். மழை வைத்தியர் ஒருவருடன் நடந்த உரையாடலையும் லிவிங்ஸ்டன் பதிவுசெய்துள்ளார். நீங்கள் மருந்து கொடுக்கிறீர்கள், நோயாளி பிழைத்தால் கடவுள் அருள் என்கிறீர்கள், இறந்தால் கடவுள் சித்தம் என்கிறீர்கள், நானும் மழைக்கு அதைத்தானே செய்கிறேன் என்பது வைத்தியரின் வாதம். அதற்குத் தக்க பதில் தம்மிடம் இருந்ததாக லிவிங்ஸ்டன் காட்டிக்கொள்ளவில்லை. தமக்குப் பாதகமான அந்த வாதத்தை முழுமையாக எழுதிவைத்தது அவருடைய நேர்மை.

பஞ்சமும் அருகிலிருந்த போயர்களின் அச்சுறுத்தலும் அவர் பார்வையை வடக்கே திருப்பின. 1849-இல் வில்லியம் காட்டன் ஆஸ்வெல் முதலிய நண்பர்களுடன் சென்று நகாமி ஏரியைக் கண்டார். 1850-இல் மீண்டும் சென்றபோது, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மேரியையும் மூன்று குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்றார். குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது, திரும்ப நேர்ந்தது. ஆகஸ்டில் கொலொபெங்கில் பிறந்த எலிசபெத் ஆறு வாரங்களில் இறந்தாள். மேரியின் முகத்தின் ஒரு பக்கம் வாதத்தால் இழுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, மீண்டும் கருவுற்றிருந்த மகளையும் பேரக்குழந்தைகளையும் அவர் வடக்கே கொண்டுசெல்லப் போகிறார் என்று அறிந்ததும் குருமானிலிருந்து மாமியார் ஒரு கடிதம் எழுதினார். ஒரு குழந்தை இறந்தது போதாதா, ஆண்கள் துணையுடன் அறியாத காட்டில் மனைவியைப் பிள்ளைபெற வைப்பது முறையா, உலகம் என்ன சொல்லும் என்று அவர் கேட்டார். சாணத்தரையையும் மகனின் கடற்சாவையும் தாங்கிய பெண். ஊழியத்தின் பெயரால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்று அறிந்தவர். லிவிங்ஸ்டன் அக்கடிதத்தைத் தம் நாட்குறிப்பில் படியெடுத்து வைத்துவிட்டு, 1851 ஏப்ரலில் குடும்பத்துடன் புறப்பட்டுப் போனார்.

அப்பயணத்தில் வழிகாட்டி மறைந்துபோக, வண்டியிலிருந்த நீரும் ஒருவரின் கவனக்குறைவால் வீணாகி, குழந்தைகள் தாகத்தால் அழுத நாள்களை லிவிங்ஸ்டனே விவரிக்கிறார். மேரி ஒரு சொல்லும் குறை கூறவில்லை, கண்ணில் நீர் மட்டும் நின்றது என்கிறார். ஐந்தாம் நாள் பிற்பகல்தான் நீர் கிடைத்தது. செப்டம்பரில், திரும்பும் வழியில், ஜூகா நதிக்கரையில் ஆண் குழந்தை பிறந்தது. வில்லியம் ஆஸ்வெல் என்று பெயரிட்டனர்.

1852 ஏப்ரலில் மேரியும் நான்கு குழந்தைகளும் கேப் டவுனிலிருந்து பிரிட்டனுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தமக்கு அந்நியமான குளிரில், கணவரின் பெற்றோருடன் ஒத்துப்போகாமல், வாடகை அறைகளில் கடனுடன் மேரி நாலரை ஆண்டுகள் கழித்தார். அதே ஆகஸ்டில் போயர் படை செச்செலேயைத் தாக்கியது. கொலொபெங் வீடும் சூறையாடப்பட்டது. மருந்துப் புட்டிகள் நொறுக்கப்பட்டன, புத்தகங்கள் கிழித்தெறியப்பட்டன. தம் பள்ளியின் பிள்ளைகள் இருநூறு பேர் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டனர் என்று லிவிங்ஸ்டன் எழுதினார். வண்டிச் சக்கரம் உடைந்து குருமானில் தாமதித்ததால் அவர் தப்பினார். செச்செலே, விக்டோரியா அரசியிடமே முறையிடுவதென்று கேப் டவுன்வரை சென்று, கைப்பொருள் தீர்ந்து திரும்பினார். லிவிங்ஸ்டனின் நூலில் வீட்டிழப்பு ஓர் அத்தியாயத்தின் பகுதி. பாக்வேனாத் தாய்மாரின் இழப்பைப் பதிவுசெய்ய அவர்களிடம் நூலில்லை.

இந்த அனுபவங்களுக்குப் பின்னும் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. லிவிங்ஸ்டனின் பரிந்துரையை ஒட்டி, லின்யாண்டியில் மகோலோலோ மக்களிடையே மிஷன் அமைக்க 1859-இல் குருமானிலிருந்து ஹெல்மோர் தம்பதியர் நான்கு குழந்தைகளுடனும், ரோஜர் பிரைஸ் தம் இளம் மனைவியுடனும் சென்றனர். பிரைஸ் தம்பதியருக்கு வழியில் ஒரு குழந்தை பிறந்தது. 1860 தொடக்கத்தில் சேர்ந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் தாக்கியது. ஹெல்மோர், அவர் மனைவி, இரு குழந்தைகள், பிரைஸின் குழந்தை, திரும்பும் வழியில் பிரைஸின் மனைவி என ஒன்பது பேரில் ஆறு பேர் மாண்டனர். உடன்சென்ற த்ஸ்வானாப் பணியாளர்களும் சிலர் இறந்தனர். 1853-இல் லிவிங்ஸ்டன் லின்யாண்டியில் விட்டுச்சென்ற வண்டியில் காய்ச்சல் மருந்துகள் பத்திரமாகவே இருந்தன. அவர்கள் இறந்துகொண்டிருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அவர்களுக்கு அது தெரியாது.

மா-ராபர்ட் 1862-இல் மீண்டும் கணவரிடம் வந்து சேர்ந்தார். மூன்று மாதங்களில், ஏப்ரல் 27 அன்று, ஜாம்பெசிக் கரையிலுள்ள ஷூபங்காவில் காய்ச்சலால் இறந்தார். மகன் ராபர்ட் தந்தையைத் தேடி நேட்டால்வரை வந்து, அடைய முடியாமல், அமெரிக்கா சென்றான். உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படையில் வேறொரு பெயரில் சேர்ந்தான். தந்தையின் பெயருக்கு இழுக்கு நேரக்கூடாது என்பது அவன் எழுதிய காரணம். கைதியாகி, 1864 டிசம்பரில் வட கரோலினாவின் சிறைமுகாமில் இறந்தபோது அவனுக்கு 18 வயது. பிற்காலத்தில் லிவிங்ஸ்டன் தம் கொலொபெங் நாள்களை நினைத்து ஒரே ஒரு வருத்தத்தைப் பதிவுசெய்தார். குழந்தைகளுடன் விளையாட நேரம் ஒதுக்குவதும் தம் கடமை என்று அப்போது தோன்றவில்லை. மாலையில் களைப்பு மட்டுமே மிஞ்சியது. நூறு பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்த வீட்டைப் பற்றிய குறிப்பு இது.

கொலொபெங்கில் இன்று வீட்டின் அடித்தளமும் சில கல்லறைகளும் எஞ்சியுள்ளன; போட்ஸ்வானா அரசு அவற்றைப் பாதுகாத்துவருகிறது. லிவிங்ஸ்டன் தோல்வி என்று கருதிய செச்செலேயோ தொடர்ந்து தம் மக்களுக்கு வாசிக்கவும் ஜெபிக்கவும் கற்பித்தார். மழைச்சடங்கையும் முழுமையாகக் கைவிடவில்லை. 1892-இல் அவர் இறந்தபோது பாக்வேனா நாட்டில் கிறித்தவம் வேரூன்றியிருந்தது. அது அவர் தம் மக்களுக்கேற்ப வட்டமாகக் கட்டிய வீடு எனலாம்.

1839-இல் கப்பலில் பிறந்த எலிசபெத் மோஃபட் 1861-இல் ரோஜர் பிரைஸை மணந்தார். லின்யாண்டியில் மனைவியையும் குழந்தையையும் இழந்தவரை, லிவிங்ஸ்டனின் மைத்துனி தெரிந்தே மணந்தார். 1866 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் மொலெபொலொலேயில் செச்செலேயின் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்ந்தனர். எலிசபெத் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் 1956-இல் நூலாயின. பிள்ளைப்பேறு, காய்ச்சல், ரொட்டி, துணி, வேலைக்காரர்கள், வருவதும் போவதுமாக இருக்கும் அரச குடும்பத்துப் பெண்கள், பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகளைப் பற்றிய ஏக்கம் என்று பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மிஷன் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் அதில் செச்செலே வரும் பக்கங்களை மட்டுமே தேடிப் படித்தார்கள். மற்றப் பக்கங்களும் அதே வரலாறுதான்.